பாட்டியின் சோகமும் பேரனின் ஜீனும்: ஒரு பி.காம். மாணவனின் ஆடிட்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. உயிரியலைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பி வைத்தவன். "உனக்கெதுக்குடா ஜீன், டி.என்.ஏ. எல்லாம்? காஸ்டிங் அரியரை முடிக்கிற வழியைப் பாரு" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இரண்டு மாதமாக மனதை அறுத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதித் தீர்த்தால்தான் காஸ்டிங் மண்டையில் ஏறும் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். என் பெரியம்மா மகளுக்குப் போன வருஷம் குழந்தை பிறந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டான், எடையும் குறைவு. இப்போது பையன் ஜம்மென்று இருக்கிறான், தூக்குகிறவர்களையெல்லாம் கடிக்கிறான். அக்காதான் சரியாக இல்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். கர்ப்ப காலத்தில் மாமாவுக்கு வேலை போய், வீட்டில் தினமும் சண்டையும் அழுகையுமாக இருந்ததை அங்கே சொல்லியிருக்கிறாள். வகுப்பு எடுத்தவர் சொன்ன பதில்: "உங்கள் கண்ணீர் குழந்தையின் டி.என்.ஏ.வில் பதிவாகிவிட்டது. இது ஏழு தலைமுறைக்குப் போகும். நான் சொல்லவில்லை, எபிஜெனிடிக்ஸ் என்ற அறிவியல் சொல்கிறது." அந்தப் பதிவைச் சுத்தம் செய்ய இரண்டாம் கட்ட வகுப்பு இருக்கிறதாம். கட்டணம் தனி.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "டேய், நான் அழுததாலதான் இவனுக்கு இப்படி ஆச்சா? இவன் பிள்ளைக்கும் போகுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று மழுப்பிவிட்டு வைத்தேன். அடுத்த நாளிலிருந்து விலங்கியல் படிக்கும் என் ரூம்மேட்டின் உயிரை எடுத்து, கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் தட்டுத்தடுமாறிப் படித்தேன். படித்ததன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பட்ட கஷ்டம் ஜீன் மேல் குறியாகப் பதிந்து, தலைமுறை தாண்டிப் போகிறது என்பதற்கு மனிதரில் இன்றைய தேதிக்கு உருப்படியான ஆதாரம் இல்லை. எலியில் உண்டு, ஆனால் கொஞ்சம்தான், அதிலும் பாதி சர்ச்சை. இதை முடிந்த உண்மை மாதிரி காசுக்கு விற்பவர்கள் ஒன்று படிக்காதவர்கள், இல்லையென்றால் படித்துவிட்டு மறைப்பவர்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம் உடம்பில் கண்ணில் இருக்கும் செல்லுக்கும் ஈரலில் இருக்கும் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றேதான். பிறகு எப்படி ஒன்று கண், மற்றது ஈரல்? எந்த ஜீன் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மூடி வைக்கும் வழிகளில் ஒன்று மீத்தைல் குறி. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, வாசிப்பு மாறும். செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறியும் நகலாகிறது. வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1942-ல் எபிஜெனிடிக்ஸ் என்ற சொல்லை வைத்தார். சாப்பாடு, புகை, வயது எல்லாவற்றோடும் இந்தக் குறிகள் மாறுகின்றன. இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், இந்தக் குறி விந்தணு வழியாகவோ கருமுட்டை வழியாகவோ பிள்ளைக்கும், பேரனுக்கும், அதற்கு அப்பாலும் போகிறதா என்பதில்.

இங்கேதான் பி.காம். கைகொடுத்தது. கணக்குப் பதிவியலில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. கட்டடம், இயந்திரம், ரொக்கம் போன்றவை ரியல் அக்கவுண்ட். மார்ச் 31-ல் மிச்சம் என்னவோ அது ஏப்ரல் 1-ல் ஓப்பனிங் பேலன்ஸாக வந்து உட்காரும். சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் நாமினல் அக்கவுண்ட். வருஷம் முழுக்க எவ்வளவு எழுதினாலும் மார்ச் 31-ல் லாப நஷ்டக் கணக்குக்கு மாற்றி மூடிவிடுவோம். புது வருஷம் சைபரிலிருந்து தொடங்கும்.

பாலூட்டிகளின் உடம்பில் டி.என்.ஏ. எழுத்துகள் ரியல் அக்கவுண்ட். மீத்தைல் குறிகள் பெரும்பாலும் நாமினல் அக்கவுண்ட். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு தடவை மூடப்படுகிறது. கரு உருவான முதல் சில நாட்களில் விந்தணுவும் முட்டையும் கொண்டுவந்த குறிகளில் பெரும்பகுதி துடைக்கப்படுகிறது. பிறகு, அந்தக் கருவுக்குள்ளேயே நாளைக்கு முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகும் செல்களில் இரண்டாவது தடவை, முன்னதை விடக் கடுமையாகத் துடைக்கப்படுகிறது. மனிதக் கருவிலேயே இதை அளந்து 2015-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கட்டுரை வெளியிட்டன. அந்தக் கட்டத்தில் மிஞ்சியது பத்து சதவீதத்துக்கும் கீழே.

விதிவிலக்கு இல்லையா என்றால், இருக்கிறது. சில ஜீன்கள் அம்மாவிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்து வந்ததா என்ற குறியை முதல் துடைப்பில் இழப்பதில்லை. 15-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு அப்பா கொடுத்த பிரதியில் இல்லாமல் போனால் பிராடர்-வில்லி என்ற நோய், அதே துண்டு அம்மா கொடுத்த பிரதியில் இல்லாமல் போனால் ஏஞ்சல்மேன் என்ற முற்றிலும் வேறு நோய். ஆகவே குறி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது உண்மை. ஆனால் இரண்டாவது துடைப்பில் அதுவும் போய்விடும். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துப் புதிதாக எழுதப்படும். ஒரு தலைமுறைக் கணக்கு அது. ஏழு தலைமுறைக் கதைக்கு அது சாட்சி சொல்லாது.

செடிகளில் கதை வேறு. அங்கே இப்படி ஒட்டுமொத்தமாகத் துடைப்பது கிடையாது, குறிகள் பல தலைமுறை போவது நன்றாகவே நிரூபணமானது. மண்ணில் நெளியும் உருளைப் புழுவிலும் உண்டு. ஆனால் புழுவில் பார்த்ததைத் தூக்கிக்கொண்டு வந்து கர்ப்பிணிப் பெண்ணிடம் நீட்டக் கூடாது.

அடுத்து, எல்லோரும் தவறாமல் சொல்லும் நெதர்லாந்துப் பஞ்சம். 1944 கடைசியிலிருந்து 1945 மே வரை ஜெர்மன் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகாமல் மறித்தது. ரேஷன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அப்போது கருவில் உருவானவர்கள் 60 பேரை, பஞ்சத்துக்கு முன்போ பின்போ பிறந்த அவர்களுடைய சொந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டு 2008-ல் ஹைமன்ஸ் குழு கட்டுரை எழுதியது. ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி ஜீன் அருகே மீத்தைல் குறி, சுமார் அறுபது வருஷம் கழித்தும் குறைவாக இருந்தது. 51.5 சதவீதத்துக்குப் பதில் 48.8. அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், பட்டினி கிடந்தது அந்த 60 பேருமேதான்! வயிற்றுக்குள் இருந்துகொண்டு பட்டினி கிடந்தார்கள். வெயிலில் நின்றவன் தோல் கறுத்தால் அது பரம்பரைச் சொத்தா? நேரடியாகப் பட்ட அடி அது.

இதில்தான் ஃபார்வர்டு மெசேஜ்கள் எல்லாம் கோட்டை விடுகின்றன. "உங்கள் பாட்டி உங்கள் அம்மாவைச் சுமந்தபோதே, நீங்கள் பிறந்த கருமுட்டையும் அம்மாவுக்குள் உருவாகிவிட்டது. பாட்டி வயிற்றில் நீங்களும் இருந்தீர்கள்" என்று உருக்கமாக ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். தகவல் ஏறக்குறைய சரி. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு நேர்மாறானது. கர்ப்பிணி ஒருத்தி பட்டினி கிடந்தால் அவள், வயிற்றுப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் முட்டை என்று மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் நேரடியாக அடிபடுகிறது. ஆகவே அடிபடாதவருக்கும் குறி போயிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால் கொள்ளுப்பேத்தி வரை அளந்து காட்ட வேண்டும். அப்பா வழி என்றால் பேரன் வரை. அப்படி மனிதரில் குறியை அளந்து காட்டிய வவுச்சரைக் கேட்டால், இன்றுவரை ஒருவரிடமும் இல்லை.

"எலியில் காட்டிவிட்டார்களே" என்பார்கள். வாங்க, அதையும் பார்த்துவிடலாம்.

முதலில் மஞ்சள் எலி. அகூட்டி என்ற ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு தாவும் ஜீன் வந்து செருகிக்கொண்ட எலி வகை அது. அந்தச் செருகல் மேல் மீத்தைல் குறி இருந்தால் எலி பழுப்பாக, ஒல்லியாக இருக்கும். இல்லையென்றால் மஞ்சளாக, குண்டாக இருக்கும். 2003-ல் வாட்டர்லேண்ட், ஜெர்டில் இருவரும் கர்ப்பிணி எலிகளுக்கு ஃபோலிக் ஆசிட், பி12 போன்றவற்றைக் கொடுத்தார்கள், பழுப்புக் குட்டிகள் அதிகமாயின. எபிஜெனிடிக்ஸ் பற்றி எந்த விளக்கப்படத்தைத் திறந்தாலும் இந்த இரண்டு எலிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சரி, எலியில் இந்த மாதிரிச் செருகல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, மற்றவையும் இப்படித்தானா? கேம்பிரிட்ஜில் ஆன் ஃபெர்குசன்-ஸ்மித் குழு தேடிப் பார்த்து 2018-ல் சொன்னது: குறி எலிக்கு எலி மாறும் செருகல்கள் பல இருக்கின்றன, ஆனால் அம்மாவிடம் குறி அதிகமா குறைவா என்பது பெரும்பாலும் குட்டிக்குப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கணக்கைப் புதிதாகவே தொடங்குகிறது. அதாவது எல்லோரும் காட்டும் அந்த மஞ்சள் எலி, கூட்டத்தில் ஒன்று இல்லை. அதுவே விதிவிலக்கு.

அடுத்தது செர்ரிப் பூ வாசனை. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் டயஸ், ரெஸ்லர் என்ற இருவர் ஆண் எலிகளுக்கு அசிட்டோஃபீனோன் வாசனையைக் காட்டிக் காலில் ஷாக் கொடுத்தார்கள். அந்த வாசனையையே அறியாத பிள்ளைகளும் பேரன்களும் கூட அதற்குத் திடுக்கிட்டன என்று 2014-ல் அச்சான கட்டுரை சொன்னது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதே வருஷம் கிரெகரி ஃபிரான்சிஸ் என்பவர் ஒரு மறுப்பு எழுதினார். கணக்குப்படிக்கும் எனக்கு ரொம்பப் பிடித்த மறுப்பு. இவ்வளவு சின்ன எண்ணிக்கை எலிகளை வைத்துச் செய்த இத்தனை சோதனையும், விளைவு உண்மையாகவே இருந்தாலும் கூட, ஒன்று விடாமல் வெற்றி பெறுவது நடக்காத காரியம் என்றார். நூறு வவுச்சரும் ஒரு பைசா பிசகாமல் டேலி ஆனால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வருமே, அந்தச் சந்தேகம்தான். வாசனையின் நினைவு மூக்கிலிருந்து விந்தணுவுக்கு எப்படிப் போகிறது என்ற வழியும் இன்னும் தெளிவாகவில்லை.

மூன்றாவது பூஞ்சைக்கொல்லி. 2005-ல் மைக்கேல் ஸ்கின்னர் குழு கர்ப்பிணி எலிகளுக்கு வின்குளோசோலின் என்ற மருந்தை ஏற்றியது. நான்கு தலைமுறை வரை ஆண் எலிகளின் விந்தணு குறைந்தது என்றார்கள். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது 2008-லும் 2009-லும் அந்த விளைவு வரவில்லை. அப்படிச் சொன்னவர்களில் அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனியின் ஆய்வகமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து கொடுத்த முறையும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. ஸ்கின்னர் குழு இன்றும் தன் முடிவில் உறுதியாக இருக்கிறது. வழக்கு முடியவில்லை என்பதுதான் நேர்மையான நிலவரம்.

இப்போது மனிதர். நாஜி முகாம்களில் இருந்து தப்பியவர்களின் பிள்ளைகளின் ஜீனில் அந்த வலி பதிந்திருக்கிறது என்ற செய்தி 2015-ல் பறந்தது. என் அக்காவின் வகுப்பிலும் இதைத்தான் காட்டினார்களாம். ரேச்சல் யெஹுடா என்பவர் தலைமையிலான ஆய்வு. நான் கட்டுரையைத் தேடிப் பிடித்து எண்ணிக்கையைப் பார்த்தேன். தப்பியவர்கள் 32 பேர், அவர்களின் பிள்ளைகள் 22 பேர். ஒப்பிட எடுத்தவர்கள்? பெற்றோர் 8, பிள்ளைகள் 9. எட்டும் ஒன்பதும்! எங்கள் துறையில் டீக்கடை சர்வே எடுத்துப் புராஜெக்ட் எழுதினாலே இந்த எண்ணிக்கைக்கு மார்க் போட மாட்டார்கள். அளந்தது ரத்தத்தில், விந்தணுவிலோ முட்டையிலோ இல்லை. முகாமில் இருந்தவர்களுக்குக் குறி அதிகம், பிள்ளைகளுக்குக் குறைவு. எதிர்த் திசை! நகல் என்றால் இது எந்த ஊர் நகல்? ராத்திரியில் அலறி எழும் அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு உடம்பில் மாற்றம் வர, ஜீன் வழியே ஏதும் வந்தாக வேண்டுமா என்ன?

எனக்குச் சாதகமில்லாத பக்கத்தையும் வைக்கிறேன், இல்லையென்றால் நானும் அந்த வகுப்புக்காரரும் ஒன்றாகிவிடுவோம். வடக்கு ஸ்வீடனில் ஓவர்காலிக்ஸ் என்ற ஊர். அங்கே பழைய அறுவடைக் கணக்குகளையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் வைத்து, அப்பா வழித் தாத்தா சிறு வயதில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் பேரனின் ஆயுள் குறைவு என்று கண்டார்கள். சுமார் 300 பேர்தான். ஆனால் 2018-ல் உப்சாலாவில் 11,000-க்கும் அதிகமான பேரப்பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலும் அப்பா வழித் தாத்தா - பேரன் தொடர்பு தெரிந்தது. சர்க்கரையும் இதய நோயும் இல்லை, முக்கியமாகப் புற்றுநோய் மரணத்தில். விசித்திரம்தான். இரண்டிலும் ஜீன் மேல் குறியை யாரும் அளக்கவில்லை என்றாலும், "ஒன்றுமே இல்லை" என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இன்னொன்று, 2023-ல் எலியில் இரண்டு ஜீன்களின் மேல் செயற்கையாக மீத்தைல் குறியைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் குறி பல தலைமுறை போனது. வேடிக்கை என்னவென்றால், இடையில் துடைக்கவும் பட்டது, கரு வளர்ந்தபோது திரும்பவும் வந்தது. மூடிய கணக்கு எப்படித் திரும்ப வந்தது என்பது பெரிய கேள்வி. ஆகவே கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஆனால் ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டிப் போட்ட குறி அது. மாமாவுக்கு வேலை போனதால் விழுந்த குறி இல்லை.

இவ்வளவு நேரம் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறேன்? தப்பான அறிவியல் உலகத்தில் ஆயிரம் இருக்கிறது, எல்லாவற்றோடும் நான் சண்டை போடுவதில்லை. இது யார் தலையில் போய் விடிகிறது என்று பாருங்கள். அம்மா தலையில்! குடித்துவிட்டு வந்த அப்பா, வேலையை விட்டு அனுப்பிய முதலாளி, மாத்திரை இல்லாத ஆஸ்பத்திரி, யாரும் இந்தக் கதையில் இல்லை. இவள் அழுதாள், இவள் சாப்பிடவில்லை, இவள் நல்லதை நினைக்கவில்லை. இது புதுசும் இல்லை. பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தால் அம்மா பாசமில்லாமல் ஐஸ்பெட்டி மாதிரி இருந்ததுதான் காரணம் என்று 1950-களிலும் 60-களிலும் பெரிய பெரிய டாக்டர்களே சொன்னார்கள். அது அபத்தம் என்று ஒதுங்குவதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் நொந்து போனார்கள். 2014-ல் சாரா ரிச்சர்ட்சன் என்ற அறிவியல் வரலாற்றாசிரியரும் இன்னும் ஆறு பேரும் நேச்சர் இதழில் இதே எச்சரிக்கையைத்தான் எழுதினார்கள்: கருவில் நடப்பது பற்றிய ஆராய்ச்சியை வைத்துத் தாய்மாரைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று.

கர்ப்பிணிக்குச் சாப்பாடும் ஓய்வும் நிம்மதியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். அவை இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளை நேரடியாகப் பாதிக்கப்படலாம். ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது அவளைச் சுற்றி இருப்பவர்கள். அவளிடமே பில்லை நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கோபமும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் போகும் கஷ்டம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம். கடன் பத்திரம் போகிறது. நிலமில்லாமல் இருப்பது போகிறது. படிக்காமல் விட்டது போகிறது. அப்பா அடித்த கை பிள்ளைக்குப் போகிறது. இதெல்லாம் ரியல் அக்கவுண்ட், மார்ச் 31-ல் தானாக மூடாது. யாராவது உட்கார்ந்து கட்டித் தீர்க்க வேண்டும். "எல்லாம் உன் ஜீனில் எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா? தலையெழுத்து என்று தாத்தா காலத்தில் சொன்னதற்கே வெள்ளைக் கோட்டு மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். நாமினல் அக்கவுண்ட் உதாரணம் சொன்னபோது பாதியிலேயே கொட்டாவி விட்டாள். ஆனால் எட்டு பேர், ஒன்பது பேர் கணக்கைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெறும் எட்டு பேரை வச்சா என்னை இத்தனை நாள் அழ வச்சாங்க?" என்று கேட்டாள். இரண்டாம் கட்ட வகுப்புக்கு இன்னும் பணம் கட்டவில்லையாம். கட்டப்போவதும் இல்லையாம்.

பின்குறிப்பு: விலங்கியல் மக்கள் யாராவது படித்தால், தப்பிருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்மலாம், திருத்திக்கொள்கிறேன். ஏழு தலைமுறை ஆட்கள் வந்தால் கையில் வவுச்சரோடு வரவும் :-)